டாஸ்க்பாருக்கு ஒரு பூட்டு: ஜெராக்ஸ் கடையில் விண்டோஸ் குரூப் பாலிசி எப்படி?

விண்டோஸ் புரோ வாங்கினால் கூடவே வரும், ஆனால் பாதிப் பேர் திறந்தே பார்க்காத ஒரு வசதியைப் பற்றி எழுதுகிறேன். குரூப் பாலிசி, கம்ப்யூட்டரில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று விதி போட்டுவைக்கும் இடம். அதிலும் முழுசாக இல்லை, ஸ்டார்ட் மெனுவையும் திரையின் அடியில் இருக்கும் பட்டையான டாஸ்க்பாரையும் வருகிறவர் போகிறவர் எல்லாம் மாற்றிவிடாமல் கட்டிப்போடும் பகுதி மட்டும். நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டரை ஒரே சர்வரிலிருந்து ஆளுகிறவர்கள் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். சர்வரும் இல்லை, எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒரே குடையில் கட்டும் டொமைனும் இல்லை, பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவில் ரோட்டோரம் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நாலைந்து கம்ப்யூட்டரை வரிசையாகப் போட்டுவைத்திருப்பவருக்கு இது உதவுமா என்று யாரும் சொல்லிப் பார்க்கவில்லை. கடை என் மச்சானுடையது, கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது நான்.

மார்க்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 10 ஓடும் கம்ப்யூட்டரில் ஐந்துக்கு நாலு. 11 என்றால் இரண்டரை, அதுவும் கொஞ்சம் தாராளமாக. புரோ இல்லாமல் வீட்டு உபயோகத்துக்கான ஹோம் எடிஷன் வைத்திருந்தால் மார்க்குக்கே வேலையில்லை, அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

எங்களுக்கு என்ன தொல்லை என்று தெரிந்தால்தான் இது ஏன் தேவைப்பட்டது என்று புரியும். படகு கடலுக்குப் போகாத நாளில்தான் கடையில் கூட்டம். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாளும் படகு கரையில்தான், அந்தச் சமயத்தில் நிவாரணத்துக்கு ஒரு கூட்டம், படகுப் பேப்பருக்கு ஒரு கூட்டம், பிள்ளைகளுக்குக் காலேஜ் அப்ளிகேஷன் போட ஒரு கூட்டம். இதற்கு நடுவில் ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடிவிட்டு ஊருக்குத் திரும்புகிறவர்கள் ரயில் டிக்கெட் பிரிண்ட் எடுக்க வந்து நிற்பார்கள். சாயங்காலம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். எல்லாருக்கும் அதே கம்ப்யூட்டர்தான். பையன்கள் டாஸ்க்பாரை இழுத்து மேலே ஒட்டவைப்பார்கள், இல்லையென்றால் தானாக மறைந்துகொள்ளும்படி வைத்துவிட்டுப் போவார்கள், குரோமை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஏதாவது கேமை வைப்பார்கள். அடுத்து வந்து உட்காரும் அக்கா பயந்துபோய்க் கூப்பிடுவார்: "தம்பி, கீழ இருந்த பட்டையக் காணோம், நான் எதையும் தொடல தம்பி." "நீங்க ஒன்னும் பண்ணலக்கா, இருங்க வர்றேன்" என்று எழுந்து போய்ச் சரிசெய்ய வேண்டும். எதுவும் உடையவில்லை, எதுவும் தொலையவில்லை, ஆனால் அதற்குள் கவுண்டரில் லேமினேஷனுக்கு நிற்கிறவர் முறைக்க ஆரம்பித்துவிடுவார். ஒரு நாளில் இது எத்தனை முறை நடக்கும் என்பது கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

சரி, வசதிக்கு வருவோம். விண்டோஸ் கீயையும் R எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் வரும் ரன் பெட்டியில் ஜிபிஎடிட் டாட் எம்எஸ்சி (gpedit.msc) என்று அடித்தால் திறக்கும். யூசர் கான்ஃபிகரேஷன், அதற்குள் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், அதற்குள் ஸ்டார்ட் மெனு அண்ட் டாஸ்க்பார். உள்ளே விதிகள் நீளமாக வரிசையில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மூன்றே நிலைதான்: நாட் கான்ஃபிகர்ட், எனேபிள்ட், டிஸேபிள்ட். இதில் முதல் எரிச்சல், விதியின் பெயரே "தடு" என்று ஆரம்பிக்கும், ஆகவே தடுப்பதற்கு எனேபிள் போட வேண்டும். பழகும்வரை தலையைச் சுற்றும்.

பக்கத்திலேயே விளக்கம் இருக்கிறது, நல்ல விளக்கம், அதைப் படிக்காமல் எதையும் தொடாதீர்கள். எந்த விண்டோஸில் வேலை செய்யும் என்று ஒரு வரி அங்கே போட்டிருக்கும். பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்கும் விண்டோஸ் 2000க்கும் மட்டும் என்று எழுதிய விதிகள் இன்னும் அந்த வரிசையில் குந்திக்கொண்டிருக்கின்றன. குரூப் பாலிசியே விண்டோஸ் 2000 காலத்துச் சரக்கு, பழைய பரணைக் காலி செய்யாமல் மேலே மேலே அடுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

எங்கள் கடையில் போட்டிருப்பவை சிலவே. டாஸ்க்பாரைப் பூட்டும் விதி முதலில். அது இருந்தால் இழுத்து மேலே வைப்பதோ அகலப்படுத்துவதோ நடக்காது. அடுத்து டாஸ்க்பார், ஸ்டார்ட் மெனு செட்டிங்ஸை மாற்றவிடாமல் தடுப்பது. மூன்றாவது, டாஸ்க்பாரில் ரைட் கிளிக் செய்தால் வரும் மெனுவை எடுத்துவிடுவது. நாலாவது, புதிதாக எதையும் டாஸ்க்பாரில் பின் செய்யவிடாமல், அதாவது நிரந்தரமாக ஒட்டிவைக்கவிடாமல் செய்வது. இந்த நாலும் சேர்ந்தால் பையன்கள் வேலை பெரும்பாலும் அடங்கிவிடும். ரைட் கிளிக் விதியைப் பற்றி ஒன்று: மெனுவை மறைக்கிறோமே தவிர, அதே வேலையை வேறு வழியில் செய்வதைத் தடுக்கவில்லை என்று அதன் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது. இது பாதுகாப்பு இல்லை, ஒழுங்கு, அவ்வளவுதான். நிஜப் பாதுகாப்பு வேண்டும் என்றால் வாடிக்கையாளர் உட்காரும் அக்கவுண்ட் அட்மின் உரிமை இல்லாத ஸ்டாண்டர்டு யூசராக இருக்க வேண்டும், அட்மின் பாஸ்வேர்டு கடைக்காரர் தலைக்குள் மட்டும் இருக்க வேண்டும். அதைச் செய்யாமல் இந்த விதிகளை மட்டும் போட்டால் பிளஸ் டூ பையன் ஒருவன், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியைத் திறந்து எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் போவான்.

ரன் பெட்டியை எடுத்துவிடும் விதியையும் போட்டிருக்கிறோம். இது ஸ்டார்ட் மெனுவோடு நிற்பதில்லை, விண்டோஸ் கீயும் R எழுத்தும் சேர்த்து அழுத்தினாலும் திறக்காது, டாஸ்க் மேனேஜரில் புதிய டாஸ்க் ஓட்டும் இடத்தையும் எடுத்துவிடும். இந்தக் கம்ப்யூட்டரில் உள்ள கட்டுப்பாடுகளால் இது ரத்து செய்யப்பட்டது, உங்கள் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டரைத் தொடர்புகொள்ளவும் என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வரும். அட்மினிஸ்ட்ரேட்டர் பக்கத்து மேஜையில் ஆதார் கார்டை லேமினேட் செய்துகொண்டிருப்பார்.

இதைவிடவெல்லாம் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு ஒரு விதி, சமீபத்தில் திறந்த ஃபைல்களின் பட்டியலை வைத்துக்கொள்ளாதே என்பது. இதைப் பேசுகிறவர்கள் குறைவு. எங்களைப் போன்ற கடையில் ஒருவர் தன் இ-ஆதார் பிடிஎஃப்பைத் திறந்து பிரிண்ட் எடுப்பார், அடுத்தவர் பேங்க் ஸ்டேட்மெண்ட், அடுத்தவர் வெளிநாடு போக விசாப் பேப்பர். எல்லாருடைய ஃபைல் பெயரும் வரிசையாகப் பட்டியலில் நிற்கும், அதில் பாதி ஆட்களின் பெயரோடும் போன் நம்பரோடும். பின்னால் வருகிறவர் வேண்டுமென்றே தேடக்கூட வேண்டாம், கண்ணில் படும். ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், அதுதான் சிக்கலே. இந்த விதியைப் போட்டால் பட்டியல் சேராது, டாஸ்க்பார் சின்னத்தில் ரைட் கிளிக் செய்தால் வரும் ஜம்ப் லிஸ்ட்டிலும் ஃபைல் பெயர்கள் இருக்காது.

ஆனால் இங்கேயும் ஒரு ஓட்டை. பட்டியல் போகுமே தவிர ஃபைல் போகாது. டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அத்தனையும் அப்படியே கிடக்கும். இ-ஆதாருக்குப் பாஸ்வேர்டு இருக்கிறது என்று நிம்மதியாக இருக்க முடியாது, பெயரின் முதல் நாலு எழுத்தும் பிறந்த வருஷமும்தான் அது, ஊர்க்காரர் பெயரும் வயசும் ஊருக்கே தெரியும். அதனால் அதே குரூப் பாலிசியில் லாக்ஆஃப் செய்யும்போது தானாக ஓடும் ஸ்கிரிப்ட் வைக்கும் இடம் இருக்கிறது, அதில் டவுன்லோட்ஸைக் காலி செய்யும் இரண்டு வரி ஸ்கிரிப்ட் ஒன்றை வைத்தோம். ஒருவர் எழுந்ததும் லாக்ஆஃப் செய்தால் அடுத்தவருக்குச் சுத்தமான மேஜை. இன்னொன்றும் இதோடு சேர்த்தே சொல்கிறேன்: 2011ல் வந்த சைபர் கஃபே விதிகளின்படி யார் வந்தார்கள், எந்தத் தளங்களைப் பார்த்தார்கள் என்ற பதிவை ஒரு வருஷமாவது வைத்திருக்க வேண்டும். டெஸ்க்டாப்பில் பட்டியலை அழிப்பது அந்தக் கடமையை அழிக்காது. வந்தவர் பெயர் எழுதும் ரெஜிஸ்டரும், பார்த்த தளங்களின் பதிவான லாகும் தனி.

அப்புறம், போடக்கூடாத விதிகள். உற்சாகத்தில் எல்லாவற்றையும் எனேபிள் செய்கிறவர்களுக்காக இது. நோட்டிஃபிகேஷன் ஏரியாவை, அதாவது வலது மூலையில் சின்னச் சின்னச் சின்னங்கள் இருக்கும் இடத்தை, மொத்தமாக மறைக்க ஒரு விதி இருக்கிறது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் தமிழ் டைப் செய்கிறவர்களுக்கு என்எச்எம் ரைட்டரோ இ-கலப்பையோ அந்த மூலையில்தான் உட்கார்ந்திருக்கும், தமிழ் 99, ஃபொனெட்டிக் என்று கீபோர்டு முறையை மாற்ற அதைத்தான் கிளிக் செய்வார்கள். கூடவே பென் டிரைவைப் பத்திரமாக எடுக்கும் சின்னம், பிரிண்டர் சிக்கிக்கொண்டால் வரும் சின்னம் எல்லாம் போய்விடும். மனு டைப் செய்ய வந்த பெரியவரிடம் கீபோர்டு ஷார்ட்கட் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள், அந்த விதியை நீங்களே எடுத்துவிடுவீர்கள்.

கடிகாரத்தை எடுக்கவும் ஒரு விதி உண்டு. எந்த அலுவலகத்துக்கு இது தேவைப்பட்டதோ எனக்குப் புரிந்ததே இல்லை. தட்கல் ஏசி வகுப்புக்குக் காலை 10 மணி, மற்றதற்கு 11 மணி. தன் ஐடியில் லாகின் செய்துவிட்டு அந்த மூலையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதரிடமிருந்து கடிகாரத்தைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஷட் டவுனை எடுக்கும் விதி மட்டும் இரண்டுங்கெட்டான். வேலை முடிந்ததும் மரியாதையாக ஷட் டவுன் செய்துவிட்டுப் போகிற நல்ல மனிதர்கள் நிறைய இருக்கிறார்கள், பழைய ஹார்ட் டிஸ்க் போட்ட கம்ப்யூட்டர் மறுபடி எழுந்து வருவதற்குள் அடுத்தவர் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அதற்கு இந்த விதி அருமை. ஆனால் எங்கள் பக்கம் காற்று ஓங்கி அடித்தாலே கரண்ட் போகும், யுபிஎஸ் கத்த ஆரம்பித்ததும் ஒழுங்காக அணைக்க வழி வேண்டும். வழி இருக்கிறது. மெனுவில் உள்ள கட்டளையைத்தான் இந்த விதி எடுக்கிறது, புரோகிராம் மூலமாக அணைப்பதைத் தடுப்பதில்லை, அதுவும் அதன் விளக்கத்திலேயே இருக்கிறது. ஷட் டவுன் கட்டளையை ஒரு ஷார்ட்கட்டாகச் செய்து, கடைப் பையனுக்கு மட்டும் தெரிகிற ஃபோல்டரில் வைத்துவிட்டோம்.

இனி மிக முக்கியமான விஷயம், இதைத் தெரியாமல்தான் பலர் குரூப் பாலிசியையே திட்டிவிட்டு விட்டுவிடுகிறார்கள். ஜிபிஎடிட்டை நேராகத் திறந்து யூசர் கான்ஃபிகரேஷனில் போடும் விதி அந்தக் கம்ப்யூட்டரில் உள்ள எல்லா அக்கவுண்டுக்கும் பொருந்தும், அட்மின் உட்பட. வாடிக்கையாளருக்கு வைத்த பூட்டு முதலாளிக்கும் விழும். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே இதற்குத் தீர்வு இருக்கிறது, ஆனால் தேடினால்தான் கிடைக்கும். ரன் பெட்டியில் எம்எம்சி (mmc) என்று அடித்துத் திறந்து, ஃபைல் மெனுவில் ஸ்னாப்-இன் சேர்க்கும் இடத்துக்குப் போய், குரூப் பாலிசி ஆப்ஜெக்ட் எடிட்டரைச் சேர்க்கும்போது பிரவுஸ் பொத்தானை அழுத்தி, யூசர்ஸ் என்ற தாவலில் நான்-அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இப்போது போடும் விதிகள் அட்மின் அல்லாதவர்களுக்கு மட்டும். ஒரு குறிப்பிட்ட அக்கவுண்டுக்கு மட்டும் போடவும் அதே இடத்தில் முடியும். எம்எம்சியில் இதைச் சேமித்து டெஸ்க்டாப்பில் வைத்துக்கொண்டால் அடுத்த முறை இந்தச் சுற்றுவழி தேவையில்லை.

விதி போட்டதும் வேலை செய்யவில்லையே என்று பதற வேண்டாம். பின்னணியில் தானாகப் புதுப்பிக்க 90 நிமிஷமும் அதற்கு மேல் அரை மணி வரையும் ஆகலாம். ஜிபி அப்டேட் ஃபோர்ஸ் (gpupdate /force) கட்டளையைக் கொடுத்துவிட்டு லாக்ஆஃப் செய்து உள்ளே வந்தால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். எல்லாக் கம்ப்யூட்டரிலும் தனித்தனியாக உட்கார்ந்து செய்யவும் தேவையில்லை, மைக்ரோசாஃப்ட்டின் எல்ஜிபிஓ என்ற சின்னக் கருவி இலவசம், ஒன்றில் செய்ததை எடுத்து மற்றதில் போட்டுக்கொள்ளலாம், நான்-அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் பகுதி உட்பட. உப்புக் காற்றில் எங்கள் மதர்போர்டுகள் ஆயுசு முடியும் முன்னே போய்ச்சேரும் என்பதால், விதிகளின் பேக்கப்பைப் பென் டிரைவில் வைத்திருப்பது எங்களுக்கு ஆடம்பரம் இல்லை.

ஸ்டார்ட் மெனுவின் அமைப்பையே நிலைநிறுத்தும் ஸ்டார்ட் லேஅவுட் விதி விண்டோஸ் 10ல் நன்றாக இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டரில் நமக்கு வேண்டியபடி டைல்களை அடுக்கி, கட்டளைகளை அடிக்கும் பவர்ஷெல்லில் எக்ஸ்போர்ட் செய்தால் ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல் வரும், விதியில் அந்த ஃபைலின் பாதையைக் கொடுத்தால் போதும். பிரிண்ட், ஸ்கேன், பிரவுசர், தமிழ் டைப்பிங், அவ்வளவுதான் எங்கள் ஸ்டார்ட் மெனு. ஆரம்பத்தில் எண்டர்பிரைஸ், எஜுகேஷன் எடிஷன்களுக்கு மட்டும் இருந்தது, விண்டோஸ் 10ன் 1703 என்ற பதிப்பிலிருந்து புரோவுக்கும் வந்தது.

11ல்தான் மார்க் சரிகிறது. அந்த எக்ஸ்எம்எல்லை ஸ்டார்ட் மெனுவுக்கு 11 ஏற்பதில்லை, ஜேசான் (JSON) என்ற வேறு ஃபைல் வடிவத்துக்கு மாறிவிட்டார்கள், டாஸ்க்பாருக்கு மட்டும் பழைய எக்ஸ்எம்எல் இன்னும் ஓடுகிறது. 11 வந்தபோது டாஸ்க்பாரை ஓரத்துக்கோ மேலேயோ நகர்த்தும் வசதியையே எடுத்துவிட்டார்கள், டூல்பார்களும் போயின, ஆக அவற்றைத் தடுக்கும் விதிகளுக்கும் அங்கே வேலையில்லை. பையன்கள் இழுத்து விளையாட முடியாது என்பது எங்களுக்கு லாபம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்த விதி பிடிக்கும், எது பிடிக்காது என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. 10க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது, எங்களிடம் இருக்கும் பழைய பெட்டிகள் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்புக்குத் தேறாது. அதாவது வசதி நன்றாக வேலை செய்யும் விண்டோஸுக்குக் காலம் முடிந்தது, காலம் இருக்கும் விண்டோஸில் வசதி அரைகுறை.

இந்த விதிகள் தொடாத குறும்பும் உண்டு. சில இன்டெல் கிராஃபிக்ஸ் பெட்டிகளில் கண்ட்ரோல், ஆல்ட், அம்புக்குறி சேர்த்து அழுத்தினால் திரையே தலைகீழாகும். டாஸ்க்பாரை எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும் அது பூட்டிய நிலையிலேயே தலைகீழாகத் தொங்கும். அதை இன்டெல்லின் செட்டிங்ஸில் போய் ஹாட்கீயை நிறுத்தித்தான் தீர்க்க முடியும்.

வேறு வழிகளும் பார்த்தோம். டீப் ஃப்ரீஸ் மாதிரி சாஃப்ட்வேர் போட்டால் ரீஸ்டார்ட் செய்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும், யார் என்ன செய்தாலும் கவலையில்லை. ஆனால் காசு. ரீஸ்டார்ட் செய்யும்வரை கலைத்தது கலைத்தபடியேதான் இருக்கும், எங்கள் தொல்லையே அந்த இடைவேளையில்தான். விண்டோஸ் செட்டிங்ஸிலேயே நேராக வைக்கும் கியோஸ்க் வசதி இருக்கிறது, அப்படி வைத்தால் ஒரே ஒரு ஆப்பை மட்டும் காட்டும், பிரிண்டும் ஸ்கேனும் டைப்பிங்கும் மாறி மாறி ஓடும் கடைக்கு அது ஆகாது. லினக்ஸில் எக்ஸ்எஃப்சிஇ என்ற டெஸ்க்டாப்பில் அங்கே பேனல் என்று சொல்லும் டாஸ்க்பாரின் ஃபைலில் ஒரு வரியைத் திருத்தினால் பேனல் மொத்தமும் பூட்டிக்கொள்ளும், கேடிஇ என்ற இன்னொரு டெஸ்க்டாப்பிலும் கியோஸ்க் என்றே பழைய ஏற்பாடு உண்டு, இரண்டுக்கும் தம்பிடி செலவில்லை. 11க்குத் தேறாத பெட்டிகளில் ஒன்றில் அதைப் போட்டு வெறும் பிரவுசிங்குக்கு விட்டிருக்கிறோம், சத்தமில்லாமல் ஓடுகிறது.

கடைசியாக ஹோம் எடிஷன். ராமநாதபுரம் டவுனில் ஒரு கடையில் புரோ என்று சொல்லி விற்ற பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஹோம். கேட்டால் "அண்ணே, ரெண்டும் ஒன்னுதான்ணே, பேருதான் வேற" என்கிறார் விற்ற பையன். ஒன்றில்லை. ஹோமில் ஜிபிஎடிட்டே கிடையாது. அதைக் கொண்டுவரும் ஸ்கிரிப்ட் என்று வீடியோக்களில் காட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஜன்னல் திறக்கும், எல்லா விதியும் பிடிக்கும் என்று உத்தரவாதம் இல்லை. ரெஜிஸ்ட்ரியில் பாலிசீஸ், எக்ஸ்புளோரர் என்ற இடத்தில் அதே மதிப்புகளைக் கையால் எழுதினால் பல விதிகள் ஹோமிலும் பிடிக்கின்றன. ஆனால் கையால் எழுதியதைக் கையால்தான் அழிக்க வேண்டும், குரூப் பாலிசியில் நாட் கான்ஃபிகர்ட் என்று மாற்றினால் தானாகத் துடைத்துக்கொள்வதுபோல் இங்கே நடக்காது. எதை எங்கே எழுதினோம் என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். புதுப்பெட்டி வாங்குகிறவர்கள் பில்லில் புரோ என்று எழுதி வாங்குங்கள், கடையை விட்டு வெளியே வருமுன் செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் என்று போய் எடிஷன் வரியைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.